சென்னைக் குடிநீர்: வரத்து, தரம், வறட்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு கோடையிலும் ஏரிகளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது சென்னைவாசிகளின் முதல் கேள்வியாகவும், குழாயில் வரும் நீரைக் குடிக்கலாமா என்பது இரண்டாவது கேள்வியாகவும் இருந்து வருகின்றன. இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதே நம்முடைய பெரிய பிழை என்று நான் கருதுகிறேன். நீர் குறையும்போது அதன் தரமும் குறைகிறது. அது எப்படி நேர்கிறது என்பதைக் கீழ்க்காணும் பதில்களில் இயன்றவரை விளக்கியிருக்கிறேன்.

சென்னைக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது?

வற்றாத ஆறு எதுவும் இந்நகருக்கு இல்லை. கூவமும் அடையாறும் நகருக்குள் ஓடினாலும் குடிநீருக்கு உதவும் நிலையில் அவை இல்லை. நகரின் முதன்மையான ஆதாரம் வடக்கே ஓடும் கொசஸ்தலையாறும், அதன் நீரைத் தேக்கி வைக்கும் ஏரிகளும் ஆகும். 1772இல் தொடங்கிய ஏழுகிணறு நீர்நிலையம் கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்கும் போதுமானதாக இருந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் சோழவரம், புழல் ஏரிகளிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கியது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம், அவர் மறைந்த அடுத்த ஆண்டான 1944இல் நிறைவடைந்து, இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இன்று பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்குடன், 2020இல் பயன்பாட்டுக்கு வந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் சேர்ந்து நகருக்கு நீர் தருகிறது. இவை தவிர வேறு மூன்று ஆதாரங்கள் உள்ளன. முதலாவது, 1983ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே ஊத்துக்கோட்டைக்கு அருகில் தமிழக எல்லையை அடையும் கிருஷ்ணா நீர். இரண்டாவது, கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து வரும் நீர். மூன்றாவது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் தரும் நீர்.

கிருஷ்ணா நீரும் வீராணம் நீரும் வறட்சியில் கைகொடுக்காதா?

கைகொடுத்த ஆண்டுகளும் உண்டு, கைவிட்ட ஆண்டுகளும் உண்டு. ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) கிருஷ்ணா நீர் தமிழக எல்லைக்கு வந்து சேர வேண்டும். 1996இல் முதன்முதலாக நீர் வந்தது முதல் இன்றுவரை, பெரும்பாலான ஆண்டுகளில் அந்த அளவு வந்ததில்லை. கிருஷ்ணா ஆற்றில் வரத்து குறைந்தால் கால்வாயின் கடைசியில் இருக்கும் நமக்குத்தான் முதலில் குறையும். வீராணமோ பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய பாசன ஏரி. அதற்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் வருகிறது. மேட்டூர் அணை வற்றினால் வீராணமும் வற்றும். 2004இல் குழாய்த்திட்டம் நிறைவேறியபின் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர்வரை சென்னைக்கு வருகிறது என்பது உண்மை. அந்த நீர் டெல்டாக் கடைமடை உழவர்களின் ஏரியிலிருந்து வருகிறது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏரிகள் நிரம்பிவிட்டன என்று செய்தி வருகிறது. அந்த நீர் எத்தனை நாளுக்குப் போதும்?

செய்தித்தாளில் வரும் எண்ணைக்கொண்டு நீங்களே இதைக் கணக்கிடலாம். ஏரி இருப்பு மில்லியன் கன அடியில் வெளியிடப்படுகிறது. ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். நகருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கோடி லிட்டர் தேவை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 35 மில்லியன் கன அடி செலவாகும். ஆகவே அன்றைய மொத்த இருப்பை 35ஆல் வகுத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். ஐந்து ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. ஐந்தும் தளும்ப நிறைந்திருந்தாலும் அது சுமார் 335 நாளுக்கான நீர். வெயிலில் ஆவியாவதையும், கால்வாயில் கசிவதையும், ஏரியின் அடியில் எடுக்க முடியாமல் தங்கும் சேற்று நீரையும் கழித்தால் இன்னும் குறையும். ஒரு பருவமழை பொய்த்தால் சமாளிக்கலாம், இரண்டு தொடர்ந்து பொய்த்தால் சமாளிக்க முடியாது என்பதே இக்கணக்கின் பொருள்.

அடிக்கடி வெள்ளம் வரும் நகரத்தில் எப்படி வறட்சி வருகிறது?

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். இது சிறிய அளவன்று. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர்வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில புயல் நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பர் முதல் நாளையொட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அதே வேகத்தில் ஒரு முழு நாள் ஓடினால் 2,500 மில்லியன் கன அடி, அதாவது நகரத்தின் எழுபது நாள் தேவை, கடலுக்குப் போய்விடும். ஒன்றரை ஆண்டு கழித்து, 2017 கோடையில், சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துக் குடிக்க வேண்டிய நிலைக்கு இதே நகரம் வந்தது.

இடையில் தேக்கிவைக்க இடமில்லாமல் போனதுதான் இதற்குக் காரணம். வள்ளுவர் கோட்டம் நிற்குமிடம் நுங்கம்பாக்கம் ஏரியின் படுகை. தியாகராய நகர் எழுந்தது மாம்பலம் ஏரியின்மேல். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை என்று பெயர்ப்பலகை இருக்கிறது. அங்கே ஏரி இல்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது, அதன் பழைய பரப்பில் சிறு பகுதியே எஞ்சியிருந்தது.

2019இல் உண்மையில் என்னதான் நடந்தது?

2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கமான அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. அதன்பின் ஆறு மாதத்துக்கும் மேல் நல்ல மழை பெய்யவில்லை. 2019 ஜூன் மாதம் நான்கு பெரிய ஏரிகளிலும் சேர்த்து இருந்த நீர், மொத்தக் கொள்ளளவில் ஒரு விழுக்காடுகூட இல்லை. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52 கோடி லிட்டர் அளவுக்குக் குறைக்கப்பட்டது. மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின.

ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகளுடன் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் 25 லட்சம் லிட்டர் நீர் அதில் இருந்தது. அன்று அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் கணக்கைப் பார்க்க வேண்டும்: நகரத்தின் வழக்கமான ஒரு நாள் விநியோகத்தை ரயிலில் கொண்டுவர வேண்டுமென்றால் அப்படி முந்நூற்று முப்பது ரயில்கள் வேண்டும்.

வறட்சிக்கும் தண்ணீரின் தரத்துக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம்.

ஒரு தெருவின் கீழே குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் சில அடி இடைவெளியில் செல்கின்றன. இரண்டும் பழையவை, இரண்டிலும் இணைப்புகளில் விரிசல் இருக்கும். குடிநீர்க் குழாய் எந்நேரமும் அழுத்தத்துடன் நிறைந்திருந்தால், விரிசல் வழியே நல்ல நீர் வெளியே கசியும். அழுக்கு உள்ளே வராது. இழப்பு ஏற்படுமே தவிர ஆபத்து இல்லை. விநியோகம் நின்றவுடன் குழாயில் அழுத்தம் இறங்குகிறது, சில இடங்களில் வெற்றிடமே உண்டாகிறது. அப்போது சுற்றிலும் ஊறி நிற்கும் கழிவுநீர் அதே விரிசல் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. மறுமுறை தண்ணீர் திறந்துவிடப்படும்போது அந்த அழுக்குதான் முதலில் வீட்டுக்கு வருகிறது. நாள் முழுதும் வந்த நீர் சில மணி நேரமாகவும், தினமும் வந்தது ஒன்றுவிட்ட நாளாகவும் சுருங்கும் வறட்சிக் காலத்தில், குழாய் காலியாகக் கிடக்கும் நேரம் கூடுகிறது. கலப்புக்கான வாய்ப்பும் கூடவே பெருகுகிறது.

இத்துடன் முடியவில்லை. ஏரியின் மட்டம் இறங்கினால் அடிமட்டச் சேறும் பாசியும் கலந்த நீரைத்தான் சுத்திகரிப்பு நிலையம் எடுக்க வேண்டியிருக்கும். அதைத் தெளியவைக்கப் படிகாரமும், கிருமி நீக்கக் குளோரினும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. மண்வாடையும் மருந்து வாடையும் சேர்ந்து வருவதற்கு இதுவே காரணம். குழாய் நீர் போதாதபோது ஆழ்துளைக் கிணறு கூடுதலாக இயங்குகிறது. நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க அதன் உப்பு ஏறுகிறது. கிணறும் வற்றினால் மக்கள் தனியார் லாரியையும் கேனையும் நாடுகிறார்கள். அந்த நீர் எந்தக் கிணற்றில் எடுக்கப்பட்டது, எப்படிச் சுத்திகரிக்கப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. இப்படிப் பற்றாக்குறையின் ஒவ்வொரு படியிலும் நாம் தரத்திலும் ஒரு படி இறங்குகிறோம்.

குழாயில் வரும் முதல் நீர் கலங்கலாகவோ நாற்றத்துடனோ இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதல் சில நிமிட நீரைத் தொட்டியில் விழவிடாமல் தனியாகப் பிடித்து, தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். பிறகும் நாற்றம் நீடித்தால் சம்ப்புக்கு (தரைத்தொட்டிக்கு) செல்லும் வால்வை மூடிவிட்டு உடனே புகார் செய்ய வேண்டும். ஒருமுறை கழிவுநீர் கலந்துவிட்டால் தரைத்தொட்டி, மேல்நிலைத்தொட்டி இரண்டையும் காலிசெய்து கழுவியபின்பே புதுநீர் நிரப்ப வேண்டும். சரியாகும்வரை குடிநீரைக் கொதிநிலையில் ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்க வேண்டும். வெதுவெதுப்பாகச் சூடாக்குவதால் பயனில்லை.

தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அண்டை வீட்டாரின் பங்கைப் பறிப்பது அதன் ஒரு கெடுதல்தான். அந்த மோட்டார் குழாயில் உண்டாக்கும் வெற்றிடம், மேலே சொன்ன விரிசல் வழியே கழிவுநீரை இழுத்து, பறித்தவருக்கும் பறிகொடுத்தவருக்கும் ஒன்றுபோலக் கொண்டு சேர்க்கிறது. இது விதிமீறல். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

தண்ணீரில் குளோரின் வாடை வருகிறதே, அது உடலுக்குக் கெடுதலா?

இலேசான குளோரின் வாடை நல்ல அறிகுறி. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, விநியோக நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து உங்கள் வீடுவரை வரும் வழியில் ஏதேனும் கிருமி புகுந்தால் அதை அழிப்பதற்கான காவல் அது. இதைச் சோதிப்பது எளிது. சிறு கண்ணாடிக் குழாயில் நீரைப் பிடித்து, அதற்கென்றே விற்கும் மாத்திரை ஒன்றைப் போட்டுக் குலுக்கினால், குளோரின் இருக்கும் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ குளோரின் அவ்வளவு. எங்கள் குடியிருப்பில் ஒருமுறை இப்படிச் சோதித்தோம். தெருக் குழாய் நீர் ரோஜா நிறமானது; பல மாதம் கழுவாத மேல்நிலைத்தொட்டியின் நீர் நிறம் மாறாமல் அப்படியே நின்றது. குறை எங்கள் மொட்டைமாடியில்தான் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவுவது என்று அன்றே முடிவெடுத்தோம்.

போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரைக் குடிக்கலாமா? ஆர்.ஓ. கருவி (சவ்வு வழியே நீரின் உப்பை நீக்குவது) எல்லா வீட்டிலும் தேவையா?

சோதிக்காமல் குடிக்கக் கூடாது. ஐ.எஸ். 10500இன்படி நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாதபோது 2,000வரை ஏற்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் மேலடுக்கு நீர் நன்றாக இருக்கும்; ஆழமாகத் தோண்டி அளவுக்குமேல் இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். ஒருமுறை உப்பேறிய நிலம் மீள்வதற்குப் பல்லாண்டு ஆகும். மீஞ்சூர் வட்டாரத்தில் நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் இறைத்த இறைப்பில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்நாட்டுக்கு வந்து, நல்ல கிணறுகள் கைவிடப்பட்டதை நாம் கண்முன்னே பார்த்தோம்.

உப்பு 500க்குள் இருக்கும் மெட்ரோ தண்ணீருக்கு (குடிநீர் வாரியக் குழாய் நீருக்கு) ஆர்.ஓ. தேவையில்லை. ஒரு லிட்டர் நீரைத் தர அக்கருவிகளில் பல இரண்டு மூன்று லிட்டரை வடிகாலில் விடுகின்றன. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உப்பு குறைந்த இடங்களில் அவற்றைத் தடைசெய்யும்படி அறிவுறுத்தியது. கருவி ஏற்கெனவே இருந்தால், கழிவு நீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் தேய்க்கவாவது பயன்படுத்துங்கள்.

கடல்நீரைக் குடிநீராக்குவதே நிலையான தீர்வு ஆகாதா?

மழையை நம்பியிராத ஒரே ஆதாரம் என்பதால் அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலும், 2013இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் ஆலைகள் தொடங்கின. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கான பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. 2019இல் தென்சென்னை ஓரளவு தாக்குப்பிடித்தது நெம்மேலியால்தான். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. எஞ்சும் அடர் உப்புநீர் மீண்டும் கடலில் விடப்படுகிறது. அதனால் மீன்வளமும் கரையும் பாதிக்கப்படுவதாகக் கரையோர மீனவர்கள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். அந்த முறையீட்டுக்குச் செவிசாய்க்காமல் அடுத்தடுத்து ஆலை கட்டுவது நியாயமில்லை.

மழைநீர்ச் சேகரிப்பால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டபின், அடுத்து வந்த நல்ல மழை ஆண்டுகளில் நகரக் கிணறுகளின் மட்டம் தெளிவாக உயர்ந்தது. அன்று அமைத்த குழிகளில் பல இன்று மண்ணும் இலையும் அடைத்து, பேருக்கு மட்டும் இருக்கின்றன. செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் ஒதுக்கி, குழியைத் திறந்து, மேலே படிந்த வண்டலை அள்ளிவிட்டு, கூழாங்கல்லைக் கழுவிப் போட்டால் போதும். களிமண் பகுதிகளில் ஆழமில்லாத குழியால் பயனில்லை; களிமண்ணைத் துளைத்து மணலடுக்குவரை ஊடுருவும் துளைக்கிணறு வேண்டும்.

கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் திட்டம் என்ன ஆயிற்று?

2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் தொழிற்சாலைகளுக்கு நீர் தருகின்றன. இப்படித் தொழிற்சாலைகளுக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் ஏரியில் மிஞ்சும் ஒரு லிட்டர் என்பதால், இந்தத் திட்டங்கள் இன்னும் பல மடங்கு விரிவாக வேண்டும்.

பற்றாக்குறை வரும்போது யார் முதலில் பாதிக்கப்படுகிறார்கள்?

வீட்டுக்குள் குழாயும் சம்ப்பும் இல்லாதவர்கள். கழிவுநீர் இணைப்புள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவுகோல். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று கொண்டால் அது ஒன்பது குடம். நால்வர் குடும்பத்துக்கு முப்பத்தாறு குடம். 2019 ஜூனில் எங்கள் தெருமுனைத் தொட்டிக்கு லாரி வரும்முன் குடங்கள் வரிசையில் வைக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயின்ட்டில் வீட்டு எண் எழுதியிருக்கும். லாரி எப்போது வரும் என்று தெரியாததால் பெண்கள் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வீட்டுக்கு ஐந்தாறு குடம்தான் கிடைத்தது. நூறு அடி தள்ளி இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அதே வாரத்தில் தனியார் லாரிகளை வரிசையாக வாங்கியது. 2011இல் மாநகராட்சி 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோது சேர்ந்த பகுதிகளில் பலவற்றுக்குக் குழாய் நீர் மிகத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புகாரை எங்கே, எப்படிச் செய்வது?

குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணில் எந்நேரமும் பதிவு செய்யலாம். தண்ணீர் வரவில்லை என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன நிறத்தில், என்ன வாடையுடன் வந்தது என்று குறிப்பிடுங்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, பகுதிப் பொறியாளர் வரும்போது காட்டுங்கள். அதே தெருவில் எந்தெந்த வீடுகளில் நாற்றம் வருகிறது, எந்த வீட்டில் வரவில்லை என்பதை அக்கம்பக்கத்தினர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், சாலையை எங்கே தோண்ட வேண்டும் என்பது பணியாளர்களுக்கு எளிதில் தெரிந்துவிடும்.